பழைய காரில் கோளாறு தேடும் முறை: பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் பெரும்பாலான கோளாறு சின்ன இடங்களில்தான் தொடங்கும். ஒயர் முனையில் பூத்த பச்சைக் களிம்பு, வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ், துரு ஏறிய எர்த் போல்ட் (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் இணைப்பது), இறுகிப்போன சீல். ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் முதலில் புது பேட்டரி, அடுத்து செல்ஃப் மோட்டார், அதற்கும் அசையாவிட்டால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது) என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. கடைசியில் எர்த் ஒயரின் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, திரும்ப முடுக்கியதும் வண்டி கிளம்பிவிடும்.

பழைய பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் நான்கு புகார்களை இங்கே எடுத்துக்கொள்வோம்: செல்ஃப் எடுக்காதது, ராத்திரியில் பேட்டரி இறங்குவது, மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் இன்ஜின் குலுங்குவது), இன்ஜின் சூடேறுவது.

கையில் இருக்க வேண்டியவை

10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஓபிடி கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) படிக்கும் கருவி, 8 முதல் 19 மி.மீ. வரை சாக்கெட் செட், டார்க் ரென்ச், இரண்டு ஜாக் ஸ்டாண்டு, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. சாக்கெட்டில் ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல். எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தூக்கியதைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது?

பாதி விஷயம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் மின்னழுத்தம் போதவில்லை: பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. டக் என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டார், அதற்குப் போகும் தடித்த ஒயர், எர்த், மூன்றில் ஒன்று. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சாவி சுவிட்ச், கியர் நியூட்ரல் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றாவிட்டால் பேட்டரியை விட்டுவிட்டுப் பெட்ரோல், பொறி பக்கம் போங்கள். அது பின்னால் வருகிறது.

முதலில் பேட்டரியை அளக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. ஓட்டி வந்த உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் நல்ல எண்ணாகக் காட்டி ஏமாற்றும். ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால் உண்மை தெரியும்.

அடுத்தது பாரம் ஏற்றிப் பார்ப்பது. மீட்டர் பேட்டரியிலேயே இருக்க, ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மிதமான வெயிலில், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. காலையில் 12.6 காட்டிவிட்டு சாவியைத் திருப்பியதும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. 11-ல் நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

எர்த் வழியில் வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பது

புதிதாக வேலை கற்கிறவர்கள் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே போதும், பாதி மின் கோளாறுகள் பிடிபட்டுவிடும். ஒயரை ஓம் அளவில் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது. அதனால் கரண்ட் ஓடும்போது எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதையே அளக்க வேண்டும்.

1. பெட்ரோல் பம்பின் ஃபியூஸை அல்லது ரிலேயைக் கழற்றுங்கள். இன்ஜின் பற்றாமல் செல்ஃப் மட்டும் சுற்றும்.

2. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டிலேயே வையுங்கள். தண்டைச் சுற்றியுள்ள கிளாம்பில் வைக்கக் கூடாது.

3. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில் அழுத்திப் பிடித்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் குறை உறுதி.

4. கறுப்பை அசைக்காமல், சிவப்பை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: முதலில் பேட்டரி கிளாம்பு, பிறகு ஒயரின் மறுமுனையில் உள்ள வளையம், பிறகு பிளாக். ஒவ்வோர் இடத்திலும் செல்ஃப் சுற்ற வேண்டும். கிளாம்பில் 0.05, வளையத்தில் 0.12, பிளாக்கில் 0.9 என்று வந்தால், வளையத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அந்தப் போல்ட்தான் குற்றவாளி. கிளாம்பிலேயே எண் எகிறினால் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்.

5. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல்: சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தண்டில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் போல்ட்டில் எப்போதும் கரண்ட் உண்டு; மீட்டரின் முனை பக்கத்து இரும்பில் பட்டுவிடாமல் பிடியுங்கள்.

செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

குறை உள்ள இடம் தெரிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தப் போல்ட்டை எடுங்கள். வளையத்தின் இரு பக்கமும், அது உட்காரும் இடமும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, முடுக்கிய பிறகு வெளிப்புறத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஒயரின் உறை முனைக்குப் பக்கத்தில் உப்பி, விறைத்து, உள்ளே பச்சைப் பொடி தெரிந்தால் சுரண்டிப் பயனில்லை. அதே தடிமன் அல்லது அதைவிடத் தடித்த ஒயர் போட்டுவிடுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருப்பதற்கு சமையல் சோடா கலந்த தண்ணீரும் பிரஷும் போதும். அந்தக் கரைசல் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது.

இன்ஜின் எர்த் கெட்டிருப்பதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. செல்ஃப் சுற்றிய பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ தொட்டால் சுடும். நேர் வழி அடைபட்டதால் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது.

சார்ஜ் ஏறுகிறதா?

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டு இன்ஜினை 2000 ஆர்பிஎம்-ல் வைத்தாலும் 13.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 15-க்கு மேலே போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துக் கெடும். கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் வண்டிகளில் இந்த எண்கள் மாறும். அவற்றுக்கு மேனுவலில் உள்ள அளவே சரி. குறைவாக வந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழத்துப்போன பெல்ட் பாரம் ஏறியதும் வழுக்கும்.

மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரியில் வைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்) பற்றித் தெரியும். நல்லதென்றால் 0.1-க்குள் இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் டையோடு போயிருக்கிறது. மலிவான மீட்டர்கள் சில, ஏசி நிலையில் டிசியையும் சேர்த்து 28, 30 என்று காட்டும். அது மீட்டரின் குறை. அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது

எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பானெட்டும் கதவும் திறந்தே இருக்கட்டும். அவற்றின் பூட்டுக் கொக்கியை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிவிட்டால், மூடியிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைப் போடவே கூடாது. போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் பல ஆம்பியர் காட்டினால் பதறாதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க 20 முதல் 40 நிமிடம் வரை ஆகும். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 0.3 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். 50 ஆம்பியர் அவர் பேட்டரி நான்கு நாளில் பாதிக்கு மேல் காலி.

எந்த வழியில் கசிகிறது என்று பார்க்க ஃபியூஸ்களைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கி மாட்டினால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடியும் அரை மணி நேரம் காத்திருக்க நேரும். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொடுங்கள். 0.0 என்றால் அந்த வழியில் கரண்ட் இல்லை. எண் காட்டுகிற ஃபியூஸ் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று மேனுவலில் பாருங்கள். டிக்கி விளக்கு, பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஒட்டிக்கொண்ட ரிலே, மேலே சொன்ன டையோடு, இவைதான் வழக்கமான ஆட்கள். ஒட்டிய ரிலே தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்.

சுற்றுகிறது, பற்றவில்லை, பற்றினாலும் மிஸ்ஸிங்

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட்டில் காதை வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பு சுமார் 2 விநாடி ரீங்கரித்து நிற்கும். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை அங்கே மாற்றி மாட்டுங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போடுவது ஒயருக்குத் தீ வைப்பது மாதிரி. பம்பு ஓடுகிறது, ஆனால் செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் சற்றும் அசையவில்லை என்றால் பல வண்டிகளில், இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வரும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்புகிற வண்டி என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மிஸ்ஸிங்குக்கு முதலில் ஓபிடி கோடு படித்து எழுதி வையுங்கள். எழுதும் முன் அழிக்காதீர்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் தனித்தனியாக உள்ள இன்ஜினில், முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதுக்கும் இரண்டாவதை முதலுக்கும் மாற்றி, கோடை அழித்து ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் கெட்டது. மாறவில்லையா, பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அப்போதும் பி0301 என்றே வந்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்குப் பதில் மின்னிக்கொண்டே இருந்தால் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும்.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். முனை இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நல்ல எரிப்பு. கரியாக உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு இருந்தால் உள்ளே ஆயில் போகிறது. மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்துச் சுற்றுங்கள். மரை தவறி ஏறினால் குழாய் கையில் வழுக்கும், அலுமினிய ஹெட் பிழைக்கும்.

பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கோடு) வந்ததும் ஆக்ஸிஜன் சென்சார் வாங்கப் போகாதீர்கள். காற்று அதிகமாகிறது என்று அந்த சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. ஓபிடி கருவியில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். ஐடிலில் +20, 2500 ஆர்பிஎம்-ல் +5 என்று இறங்கினால் எங்கோ வேக்யூம் ஹோஸ் வெடித்திருக்கிறது. ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தாலே வெடிப்பு வாய் திறக்கும். மாறாக, வேகம் கூடக் கூட டிரிமும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்பு, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு.

இன்ஜின் சூடேறுகிறது

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நல்ல மூடி சுமார் 1 பார் அழுத்தத்தில் கூலன்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடி அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாக அழுத்த முடிகிறவரை பொறுங்கள்.

எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு ஃபேனுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். வேகமாக ஓட்டும்போது ஏறினால் அடைத்த ரேடியேட்டர் அல்லது முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு).

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடியில் படக் கூடாது, பக்கத்திலேயே வெப்பமானி. திறக்கும் வெப்பநிலை அதன் மேலேயே பொறித்திருக்கும்: 82, 88 என்பது மாதிரி. அந்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 10, 15 டிகிரி மேலே போனதும் முழுதாகத் திறக்க வேண்டும். சூடேறுவதற்குப் பயந்து தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுவது கெட்ட வழக்கம். இன்ஜின் சூடு ஏறாமலே ஓடி, பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால், ஆறிய இன்ஜினில் டார்ச் அடித்து ஹோஸ் கிளிப்புகளின் அருகே வெள்ளையாகவோ கலராகவோ காய்ந்த படிவத்தைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். உள் சீல் தேய்ந்ததை வெளியே காட்டத்தான் அந்தத் துளை. அங்கே கறை வழிந்திருந்தால் பம்பு மாற்ற வேண்டும், துளையை அடைக்கக் கூடாது. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாகி, இனிப்பு வாடையோடு கண்ணாடியில் ஆவி படிந்தால், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருந்தால்: முந்தைய நாளே ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கும், கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரிப் படிவது மட்டும் ஆதாரமாகாது. தினமும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும்.

புதுக் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலரை நம்பி வகை கலக்காதீர்கள், கலருக்குப் பொது விதி கிடையாது. மேனுவலில் சொன்ன வகைதான். ஊற்றும்போது வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்கட்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், காற்று போக்கும் திருகு இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விடுங்கள். மறுநாள் காலை ஆறியிருக்கும்போது அளவை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடிக்கும்; அது விஷம்.

துரு ஏறிய போல்ட்

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. எடுத்த எடுப்பில் கழற்றாமல், இம்மியளவு முடுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம். அசைந்ததும் அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று முடுக்கி, ஸ்ப்ரே அடித்து, மறுபடி. முறியும் போல்ட் பெரும்பாலும் அவசரத்தில்தான் முறிகிறது. சூடு வைப்பதானால் ஹோஸ், பெட்ரோல் குழாய், பிளாஸ்டிக் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: பேட் 3 மி.மீ.க்கு வந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாட் 4 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். பேட் மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும்.

வாங்கிய பழைய காரில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். ஆயில் பிரஷர் விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தது என்றால், பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் கேஜ் மாட்டி அளக்கிறவரை இன்ஜினைத் திரும்பக் கிளப்பாமல், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.